ஆற்றுப்பாலை

1994-ல் நான் ஒரு மதிப்புரை எழுதினேன். இரண்டே பக்கம். இருநூறு பிரதி அச்சாகி, அதில் பாதி எழுதுகிறவர்களுக்கே போய்ச் சேர்ந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையில் வந்தது. வத்தலக்குண்டில் தபால் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் சீனக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழில் செய்து, சொந்தச் செலவில் சிறு புத்தகமாகப் போட்டிருந்தார். அதைப் பற்றி நான் சொன்னதில் மூன்று விஷயங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஒன்று, இவருடைய மலைகளில் பெங்குவின் காகித வாசனை அடிக்கிறது. இரண்டு, பழனி மலையின் அடிவாரத்தில் இருந்துகொண்டு, தன் சன்னலைத் திறந்து பார்க்காமல் யாங்ட்ஸீக் கரை மலையை மொழிபெயர்க்கிறவருக்கு இரண்டு மலையும் கிடைக்கப்போவதில்லை. மூன்று, 'வில்லோ' மரத்தை 'ஆற்றுப்பாலை' ஆக்கியிருக்கிறார். அப்படி ஒரு மரம் தமிழ் மண்ணில் இல்லை, அது பண்டிதத் தயாரிப்பு.

மூன்றாவதை எழுதியபோது நான் எந்த அகராதியையும் புரட்டவில்லை. எவரையும் கேட்கவுமில்லை. தீர்ப்பின் தொனி அமைந்துவிட்டால் தீர்ப்பும் அமைந்துவிட்டதாக நினைத்த காலம் அது. எங்களில் பலருக்கும் அப்படித்தான்.

அவரிடமிருந்து பதில் வரவில்லை. அதுவரை மாதம் இரண்டு கார்டாவது எழுதுகிறவர். தபால்காரர் ஒருவர் எழுதாமல் இருப்பதன் கனம் வேறு. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2006 ஆகஸ்டில் ஒரு கார்டு வந்தது. ஒரே வரி: "குறிஞ்சி மறுபடி பூத்திருக்கிறது, வரலாம்." 1994-லும் பூத்த வருஷம்தான். அப்போது என்னைக் கூப்பிடத்தான் இருந்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ராஜமையரும் பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர் என்பதைத் தவிர வத்தலக்குண்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கொடைக்கானல் பஸ் நின்று டீ குடித்துவிட்டுக் கிளம்பும் இடம். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்ததும், நலம் விசாரிப்பதற்கு முன்பே, "விமர்சகரே, ஆர்தர் வேலியும் சீனாவுக்குப் போகலை, தெரியுமில்லே?" என்றார். தெரியும். 1918-ல் நூற்றெழுபது சீனக் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்து ஐரோப்பாவின் காதையே மாற்றியவர், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபடியே சீனமும் ஜப்பானியமும் கற்றவர், கிழக்காசியாவின் பக்கம் வாழ்நாளில் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைக்கவில்லை. எஸ்ரா பவுண்டோ 1915-ல் 'கதே' வெளியிட்டபோது சீன மொழியே அறியாதவர். ஃபெனலோஸாவின் குறிப்புகளை வைத்துச் செய்தார். இது தெரிந்திருந்தும் நண்பருக்கு மட்டும் ஒரு விசா விதியை நான் வைத்திருந்தேன். பன்னிரண்டு வருஷம் அந்த ஒரு வாக்கியத்தை அவர் வைத்திருந்திருக்கிறார். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கியதுபோல என் பையை வாங்கிக்கொண்டார்.

பஸ்ஸில் ஒரு நோட்டைக் காட்டினார். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பக்கம். ஹாங்சௌ நகரின் மேற்கு ஏரி. சூசௌவின் தோட்டங்கள். அதே ஊர் ஓரத்தில் குளிர்மலைக் கோயில். வாய்க்கால்களின் மேல் வீடு கட்டி வாழும் நீர் ஊர்களான சௌசுவாங், தோங்லி. கடைசியாகத் துறைமுகப் பட்டணமான சுவான்சௌ. நோட்டின் உறைக்குள் பாஸ்போர்ட்டும் இருந்தது. பத்து வருஷக் கெடு முடிந்து, ஒரு முத்திரைகூட விழாத பாஸ்போர்ட். "ரிட்டயர் ஆனதும் போகலாம்னு எடுத்தேன். ரிட்டயர் ஆன பணம் பொண்ணு கல்யாணத்துக்கு. அவ்வளவுதான், அதுல கதை ஒண்ணுமில்லே" என்றார்.

கொடைக்கானலை நான் அதற்கு முன் இரண்டு முறை பார்த்திருந்தேன். கல்யாணமானவர்களும் கல்லூரிச் சுற்றுலாக்களும் போய்வருகிற இடம், அசலான இலக்கிய அனுபவத்துக்கு லாயக்கற்றது என்பது அபிப்பிராயம். ஏரிக்கரையில் அவர் என்னை உட்கார வைத்துச் சொன்னது இது: நாம் பார்த்துக்கொண்டிருப்பது ஏரியே அல்ல, ஒரு கலெக்டரின் ஞாபகம்.

உண்மைதான். மதுரைக் கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் இங்கே ஓடைகளை மறித்துக் கரை கட்டியதால் உண்டானது இந்த நட்சத்திர வடிவ நீர்ப்பரப்பு. அதற்கு முன் சதுப்பு. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்து விட்டதும் அவர்தான். தன் தேசத்து ஏரி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, ஏழாயிரம் அடி உயரத்தில் அதை மொழிபெயர்த்துவிட்டார் என்று நண்பர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஹாங்சௌவின் மேற்கு ஏரியும் கை வைக்காத இயற்கை இல்லை. கடலிலிருந்து பிரிந்துபோன ஒரு காயலை, தூர்ந்துவிடாமல் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மனிதர்கள் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருவர் கவிகள். பை ஜூயி 822-ல் அங்கே ஆளுநராகப் போனார். கரையை உயர்த்தினார். மதகை எப்போது திறப்பது, எவ்வளவு நீர் இறங்கினால் எவ்வளவு நிலம் பாயும் என்பதையெல்லாம் எழுதிக் கல்லில் வெட்டி வைத்துவிட்டு ஊர் மாறிப் போனார். சு ஷி 1089-ல் போனபோது ஏரியின் பாதியைச் செடிகள் மூடியிருந்தன. ஆட்களை இறக்கித் தூர் வாரினார்; வாரிய சேற்றைப் போட இடமில்லாமல் ஏரிக்கு நடுவே மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்துக்கு ஒரு கரையாகப் போட்டு, ஆறு பாலம் கட்டி, வில்லோ மரங்கள் நட்டார். இன்று படங்களில் நாம் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சு கரை அந்தச் சேறுதான். ஒரு கவிஞனின் அலுவலகக் கோப்பு. நம்மிடமும் ஏரி வாரியம் இருந்தது, கல்வெட்டு இருந்தது, கவிகளும் இருந்தார்கள். மதகுக் குறிப்பு எழுதிய கவியை மட்டும் என்னால் நினைவுகூர முடியவில்லை. நமது கவிகளிடம் குளத்தின் பொறுப்பை எவரும் ஒப்படைக்கவில்லை என்றேன். "தபாலை ஒப்படைச்சிருக்காங்களே" என்றார்.

அவர் ஏரியின் மீன் சாப்பிட மாட்டார். காரணத்தை அப்போது ஒரே சொல்லில் சொன்னார்: ரசம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பிரையன்ட் பூங்காவில் சண்டை போட்டுக்கொண்டோம். 1908-ல் வனத்துறை அதிகாரி பிரையன்ட் அமைத்த தோட்டம். ரோஜாக்கள், டேலியாக்கள், மே மாத மலர்க் கண்காட்சி, கண்ணாடி வீடு. எனக்குப் பிடித்திருந்தது, பிடித்ததற்காக வெட்கப்பட்டேன். அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இது ஆஜர் பட்டியல். பேர் கூப்பிடக் கூப்பிடப் பூ எழுந்து நிக்குது" என்றார். சூசௌ தோட்டத்தில் பூப்பாத்தி என்று ஒன்று கிடையாது. பாறை, நீர், வெள்ளைச் சுவர், சுவரில் சன்னல். சன்னல் வழியே ஒரு மூங்கில். மரப்பலகையில் மண்டபத்தின் பெயர். தோட்டத்தை முடித்துவைப்பது தோட்டக்காரன் இல்லை, அந்தப் பெயரை எழுதுகிற கவி.

அங்கே பெரிய தோட்டத்தின் பெயரை அவர் 'கையாலாகாத அதிகாரியின் தோட்டம்' என்று தமிழாக்கியிருந்தார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதவி போய் ஊர் திரும்பிய வாங் சியென்சென் என்பவர் அமைத்தது. அரசாளத் தெரியாதவன் காய்கறி பயிரிடுவதே தன் ராஜ்யபாரம் என்று சொல்லிக்கொள்ளும் பழைய எழுத்து ஒன்றிலிருந்து எடுத்த பெயர். ஓவியர் வென் செங்மிங் 1533-ல் அதன் முப்பத்தொரு காட்சிகளை வரைந்து ஒவ்வொன்றுக்கும் கவிதை எழுதினார். பிறகு மகன் ஒரே இரவில் சூதாடித் தோற்றதாகக் கதை. வாங் போட்ட தோட்டம் அநேகமாக இன்று இல்லை. கை மாறி, அழிந்து, மறுபடி கட்டப்பட்டதைத்தான் 1997-ல் உலக மரபுச் சின்னமாக்கினார்கள். பெயரும் படமும் கவிதையும் ஒரு மூலப்பிரதிபோல இருந்ததால் தோட்டத்தைத் திரும்பத் திரும்ப எழுத முடிந்தது. பிரையன்டின் தோட்டத்தைப் பற்றி ஒரு கவிதை உண்டா என்று கேட்டார். சினிமாப் பாட்டுகள் நிறைய அங்கே எடுத்திருக்கிறார்கள் என்றேன். அதோடு சண்டை முடிந்தது.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு நடந்தே போனோம். வழிச் சரிவுகளில் குறிஞ்சி. நீலம் என்று எழுதிப் பழகிய சொல்லைச் சற்று நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. கிட்டே போனால் வெளிறிய ஊதா. தள்ளி நின்றால் நீலம். மேகம் மேலே வந்தால் சாம்பல். மலை முழுதும் போர்த்தியிருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்குத் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. புல்வெளிகளின் மேல் வேட்டில் மரமும் யூகலிப்டஸும் பைனும் நட்டுவிட்டார்கள். விறகுக்கும் தோல் பதனிடுகிற பட்டைக்கும் காகிதக்கூழுக்கும் என்று காரணங்கள் இருந்தன. என் மதிப்புரையும் ஒருவேளை இந்தக் கூழில் அச்சானதுதான் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது, அவரிடம் சொல்லவில்லை.

கோயில் 1936-ல் கட்டப்பட்டது. கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, சைவராகி, லீலாவதி என்று பெயர் கொண்டவர். கணவர் 1930-ல் காலமானார். சிறிய கோயில், கட்டடமாகச் சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. பழனி ஆயிரம் வருஷம், இது நேற்று. இதைப் புராதனம் என்று காட்டுகிற கைடுகளைக் கேலி செய்தேன். நண்பர் என்னைக் கோயிலின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். வடக்கே சரிவு கீழே விழுந்து, சமவெளி பிரப்பம்பாய்போல விரிந்து கிடந்தது. மேகம் விலகக் காத்திருந்தோம். இருபது நிமிஷம் இருக்கும். "அதோ" என்றார். சமவெளியில் ஒரு சிறு முடிச்சு. பழனிக் கோயில் குன்று.

மிங் காலத் தோட்டக் கலைஞன் ஜி செங் 1630-களில் தோட்டம் அமைப்பது பற்றி ஒரு நூல் எழுதினான். அதில் அவன் உச்சியில் வைத்திருப்பது 'காட்சியை இரவல் வாங்குதல்'. உன் மதிலுக்கு வெளியே இருக்கிற மலையோ கோபுரமோ உன்னுடையதல்ல. ஆனால் சரியான இடத்தில் சன்னலை வைத்தால் அது உன் தோட்டத்துக்குள் வந்துவிடும். கையாலாகாத அதிகாரியின் தோட்டத்தில் குளத்துக்கு அப்பால் தெரிகிற அடுக்குக் கோபுரம் தோட்டத்தைச் சேர்ந்ததே இல்லை, ஊருக்குள் இருக்கிற வேறொரு கோயில். லீலாவதி அம்மையார் ஜி செங்கைப் படித்திருக்க நியாயமில்லை. ஆனால் இந்த விளிம்பைத் தவிர வேறெங்கு கட்டியிருந்தாலும் இது வெறும் கட்டடமாகப் போயிருக்கும். பழனியை இரவல் வாங்கிக்கொண்டு நிற்கிற கோயில். இன்று நிர்வாகமும் பழனி தேவஸ்தானம்தான், இரவல் சட்டபூர்வமாகிவிட்டது. சன்னலைத் திறக்காதவர் என்று நான் எழுதிய மனிதர், சன்னல் எங்கே வைக்க வேண்டும் என்பதை நாற்பது வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கி யோசித்திருக்கிறார்.

இரவு அறையில் குளிர். பேச்சு குளிர்மலைக் கோயிலுக்குப் போயிற்று. சூசௌவுக்கு வெளியே மேப்பிள் பாலத்தருகே படகை நிறுத்தி இரவு தங்கிய சாங் ஜி என்ற எட்டாம் நூற்றாண்டுக் கவி, நள்ளிரவில் அந்தக் கோயிலின் மணியோசை படகுக்கு வந்ததை நாலு வரியில் எழுதினான். வேறு பெரிதாக எதையும் எழுதி நிலைத்தவனில்லை. அந்த நாலு வரியால் கோயில் இன்றுவரை பிழைத்துக்கொண்டிருக்கிறது. முன்னூறு வருஷம் கழித்து ஓயாங் சியூ, பெரிய அறிஞர், விமர்சகர், ஓர் ஆட்சேபம் கிளப்பினார்: வரிகள் அழகுதான், ஆனால் நள்ளிரவு மணியடிக்கிற நேரமில்லையே. பிறகு வந்தவர்கள் சாட்சியம் சேகரித்தார்கள். சூசௌ பக்கத்துக் கோயில்களில் நள்ளிரவில் மணி அடிக்கிற வழக்கம் இருந்தது. போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நண்பர் இதை எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னார். இன்று அங்கே தொங்குவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்த்த மணி, பழையது எங்கே போயிற்றென்று தெரியாது, கோயிலே எத்தனையோ தடவை எரிந்து எழுந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். விளக்கை நான்தான் அணைத்தேன்.

மறுநாள் பூம்பாறை. குடைந்தெடுத்த படிகள் மாதிரி வயல்கள், அதில் பூண்டு. வீட்டுக் கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்று. நடுவே குழந்தை வேலப்பர் கோயில். அந்தச் சிலையும் போகர் செய்தது என்கிறார்கள், பழனியைப் போலவே நவபாஷாணம் என்கிறார்கள். அருணகிரிநாதரை ஒரு அரக்கி துரத்தி வந்ததாகவும் முருகன் குழந்தையாக வந்து காத்ததாகவும் இன்னொரு கதை. கோயிலை விட எனக்கு ஊர்தான் பிடித்தது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, பார்க்க நிறைய இருந்தது.

ஊருக்கு இந்தப் பக்கமே ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருந்தார். சாலையிலிருந்து கொஞ்சம் இறங்கினால் ஓடை. கரையில் ஆறேழு மரங்கள், தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாய்ந்திருந்தன. நீண்டு ஒடுங்கிய இலை. மேலே பச்சை, அடியில் வெளுப்பு. காற்றடித்தபோது மரம் முழுக்க நிறம் மாறிற்று. பூண்டு மூட்டை கழுவிக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த மரத்துக்கு என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

"இதா? ஆத்துப்பாலை."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவீங்களா?"

"வேற எப்பிடிச் சொல்றது?"

அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி முகம் கழுவினார். தாவரவியலிலும் அது வில்லோ இனம்தான், சீனத்து மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தொங்குகிற கிளையில்லை, அதனால் படங்களில் பார்த்த சோகம் இல்லை. வில்லோவுக்கு நான் கொடுத்திருந்த சோகமும் ஆங்கிலத்திலிருந்து வந்ததுதானோ என்று அப்போது பட்டது. சீனத்தில் அது பிரிவின் மரம். வழியனுப்புகிறவர்கள் கிளை ஒடித்துக் கொடுப்பார்கள். அந்தச் சொல்லின் ஓசை 'தங்கு' என்ற சொல்லின் ஓசைக்கு அருகில் இருப்பதால் என்பார்கள். நமது ஆற்றுப்பாலைக்குள் ஏற்கெனவே பாலை இருக்கிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இதை யோசிக்காமலா அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்? நான் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பஸ்ஸில் கேட்கலாம் என்று ஒத்திப்போட்டேன்.

பெருமாள்மலையில் பிரியும் மலைப்பாதை வழியாகப் பழனிக்கு இறங்கினோம். வழியெல்லாம் காப்பித் தோட்டம், கீழே வரவர வெக்கை. பழனியை அவர் தன் பட்டியலின் நீர் ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து இறங்குகிற ஓடைகள், சண்முக நதி, வையாபுரிக் குளம், இடும்பன் குளம், சரவணப் பொய்கை. சௌசுவாங்கில் படகு வீட்டின் பின்படிக்கட்டுக்கு வரும். இங்கே மனிதன் படித்துறைக்கு இறங்கிப் போகிறான். அங்கே வாய்க்கால்தான் தெரு. இங்கே ஒரு குளத்தின் கலிங்கல் அடுத்த குளத்தின் வாய். சௌசுவாங் தப்பியதற்குக் காரணம் வறுமை. நல்ல சாலை போகாத ஊராக இருந்ததால் இடித்துக் கட்ட எவருக்கும் தோன்றவில்லை. 1984-ல் சென் யிஃபெய் என்ற ஓவியர் அதன் இரட்டைப் பாலத்தை வரைய, அதை ஓர் அமெரிக்க எண்ணெய் முதலாளி வாங்கி டெங் சியாவ்பிங்குக்குப் பரிசளிக்க, ஊர் பிரபலமாகி நுழைவுச்சீட்டு வந்துவிட்டது. வையாபுரிக் குளத்தை வரைய யாரும் வரவில்லை. பேகன் ஆண்ட வையாவியின் பெயரைச் சுமக்கிற குளம், மயிலுக்குப் போர்வை கொடுத்தவனின் ஊர்க் குளம். நாங்கள் நின்றபோது ஊர்ச் சாக்கடை ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது, ஆகாயத்தாமரை கரை வரை மூடியிருந்தது. "சு ஷி வந்தா எங்க ஆரம்பிப்பாரு?" என்று கேட்டேன். "மனு எழுதுவாரு. அவரும் மேலே மனு எழுதித்தான் பணம் வாங்கினாரு" என்றார்.

இனி போகர். எனக்குச் சித்தர் மோகம் கிடையாது. போகர் ஏழாயிரம் என்று அச்சாகியிருக்கும் நூலின் மொழி மிகப் பிற்பட்டது என்பதற்குப் பக்கத்துக்குப் பக்கம் சான்று காட்டலாம். ஆனால் அந்த நூல் போகரைச் சீனத்துக்கு அனுப்புகிறது, திரும்ப அழைத்துவருகிறது. சிலர் அவரைச் சீனரென்றே சொல்கிறார்கள். பழனி ஆண்டவரின் திருமேனியை ஒன்பது பாஷாணங்களைக் கட்டி அவர் செய்தார் என்பது ஐதீகம். மலை மேல் அவருக்குச் சமாதி உண்டு. தமிழ்க் கடவுள் என்று நாம் மார்தட்டுகிற தெய்வத்தின் மிகப் பிரசித்தமான உருவத்தைச் செய்த கைக்கு இந்த ஊரே ஒரு சீனத் தொடர்பு கற்பித்து வைத்திருக்கிறது. வரலாறாக இது நிற்காது. ஆனால் இப்படியொரு கதை முளைக்க ஈரம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும்.

ஈரம் இருந்தது. சோழர் தூதுகள் 1015-லும் 1033-லும் 1077-லும் சீனம் போயின. நாகப்பட்டினத்தில் 1267-ல் சீனர் எழுப்பியதாகச் சீனக் குறிப்பு சொல்கிற செங்கல் கோபுரம் ஒன்று அறுநூறு வருஷம் நின்று, 1867-ல் பாதிரிமார் கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. சுவான்சௌவில் 1281-ல் ஒரு தமிழன் சிவன் கோயில் எழுப்பித் தமிழில் கல்வெட்டும் வைத்தான். அந்தக் கோயிலும் இன்றில்லை. அதன் தூண்கள் சில அங்குள்ள பௌத்தக் கோயிலின் மண்டபத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நண்பரின் பட்டியலில் சுவான்சௌ கடைசியில் இருந்ததற்கு அதுதான் காரணம். தமிழ் எழுத்தைச் சீனத்தில் பார்த்துவிட்டு வீடு திரும்புவது திட்டம்.

படியேறினோம். எழுநூறு படியென்று சொல்லலாம். அவருக்கு மூச்சு வாங்கிற்று, விஞ்ச் வேண்டாமென்றுவிட்டார். ராக்கால பூஜைக்கு மூலவர் மேல் சந்தனம் சாத்துவார்கள். காலையில் களைந்து பிரசாதமாகக் கொடுப்பார்கள், மருந்தென்று வாங்கிப் போவார்கள். விஷத்தைக் கட்டி மருந்தாக்கிய உடம்பு என்பது நம்பிக்கை. அந்த உடம்பு அபிஷேகத்தில் தேய்ந்துவிட்டதென்று நீண்ட காலக் கவலை. 2004-ல் ஐம்பொன்னில் ஒரு சிலை செய்து வைத்தார்கள். பக்தர்கள் எதிர்த்ததால் அதே ஆண்டில் எடுத்தும்விட்டார்கள். பெயரும் கவிதையும் இருந்தால் சூசௌவில் தோட்டத்தையே மறுபடி செய்துகொள்ளலாம். இங்கே மறுபிரதி செல்லாது. பூசியது, கழுவியது, தொட்டது எல்லாம் சேர்ந்ததுதான் மூர்த்தி. எது சரியென்று நாங்கள் படியிறங்கும்வரை பேசினோம், ஒத்துப்போகவில்லை.

பாஷாணம் என்றதும் ரசம். சீன ரசவாதிகளும் நம் சித்தர்களும் ஒரே உலோகத்தின் பின்னால் அலைந்தார்கள். கி.மு. 210-ல் இறந்த சின் பேரரசனின் கல்லறைக்குள் சீனத்து நதிகளையெல்லாம் பாதரசத்தால் ஓட விட்டதாக சுமா சியென் எழுதி வைத்தான். அந்த மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் மிகுந்திருப்பது தெரிந்தது. சாகாமருந்தென்று அதைக் குடித்துச் செத்த தாங் அரசர்கள் பலர். கொடைக்கானலுக்கு ரசம் வந்தது போகர் வழியாக அல்ல. அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து (தமிழாக்கினால் நண்பரின் பட்டியலில் சேர்ந்துவிடும்) பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு 1980-களில் மலை மேல் நிறுவப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை மூலம் வந்தது. 2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஏழு டன்னுக்கு மேல் கிடந்தது தெரிந்து, தொழிற்சாலை மூடப்பட்டது. கீழே பாம்பார்ச் சோலை. ஏரியின் படிவிலும் மீனிலும் பாதரசம் கண்டதாக 2006-ல் ஆய்வு வெளிவந்தது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு இழப்பீட்டு உடன்படிக்கை 2016-ல்தான். "கட்டாத ரசம்" என்றார் நண்பர். கட்டத் தெரியாதவன் கையில் எடுக்கக்கூடாது என்பது சித்த மருத்துவத்தில் முதல் பாடமாம். அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு அவர் வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடித்தார். நான் மதுரை பஸ். பஸ்ஸில் சொல்ல வைத்திருந்தது அப்படியே நின்றுபோயிற்று.

மறுபடி கார்டுகள் வர ஆரம்பித்தன. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது எனக்கு முழங்கால் சரியில்லை, போகவில்லை. 2021-ல் அவர் இறந்தார். போன வருஷம் அவருடைய மகள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு வந்தார். மொழிபெயர்ப்புகள் மொத்தமும் ஒரு புத்தகமாக வரப்போகிறது, மெய்ப்பு நான் பார்க்க வேண்டும் என்றார். அப்பா அப்படித்தான் சொல்லியிருந்தாராம்.

நல்ல பிரதி 1995 தேதியிட்ட நோட்டில் இருக்கிறது. மதிப்புரை வந்த மறு வருஷம். அதில் ஓரிடத்தில்கூட ஆற்றுப்பாலை இல்லை. பதினோரு கவிதைகளில் 'வில்லோ', அவருடைய சுத்தமான தபால் கையெழுத்தில். ஓடைக்கரையில் என்னை நிறுத்தியபோது அந்தச் சொல்லை அவர் ஏற்கெனவே விட்டுக்கொடுத்து முடித்திருந்தார். பிறகும் திருத்தவில்லை. திருத்த மறந்தாரா, என்னிடமே விட்டாரா, தெரியவில்லை.

பத்துக் கவிதைகளில் நான் மாற்றிவிட்டேன். அவையெல்லாம் கரையோரம், பாலத்தடி, படகுத்துறை. பதினோராவதில் மரம் நிற்பது ஒரு வீட்டு முற்றத்தில். பக்கத்தில் தண்ணீர் இல்லை, சுவர் மட்டும்தான். ஆறில்லாத இடத்தில் ஆற்றுப்பாலை என்று போடலாமா? 1994 புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், அந்தக் கவிதை அதில் சேரவில்லை. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். பக்கம் நாற்பத்தேழு இன்னும் என் மேசையில் இருக்கிறது.